கடலும் புளிக்கிறது: எண்ணூர்க் கழிமுகத்தில் இருந்து ஒரு பாடம்



இன்றைக்குக் கடலைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன். "நமக்கும் கடலுக்கும் என்னங்க சம்பந்தம்? நாம ஏரும் எருவுமா இருக்கிற ஆளுங்க, அது மீன்காரங்க சமாசாரமாச்சே"ன்னு உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பூண்டியில் இருந்து தாமரைப்பாக்கம், வல்லூர் வழியாக ஓடுகிற கொசஸ்தலை ஆறு கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது? எண்ணூர் முகத்துவாரத்தில்தான். உங்கள் வயலில் இட்டு, பயிர் எடுத்தது போக மிஞ்சிய உரம் மழைத்தண்ணீரோடு போய் நிற்கிற இடமும் அதுதான். உங்கள் பம்புசெட்டுக்கு வருகிற கரண்டில் ஒரு பங்கு அங்கேதான் உற்பத்தியாகிறது. காம்ப்ளக்ஸ் உரம் தயாரிக்கிற ஆலையும் அதே எண்ணூரில் இருக்கிறது. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்துக் கிணறுகளில் உப்புத்தண்ணீர் ஏறிய கதை அந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே கடல் நமக்கு அந்நியம் இல்லை. நம் வாய்க்காலின் கடைமடை அது.

அந்தக் கடைமடையில் இப்போது என்ன நடக்கிறது, அரசாங்கம் அதற்கு என்ன சட்டம் போட்டிருக்கிறது, எங்கே ஓட்டை இருக்கிறது, நம்மால் ஆவது என்ன என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கடல் எப்படிப் புளிக்கும்?

மண் பரிசோதனை செய்தவர்களுக்குக் கார அமில நிலை என்றால் என்ன என்று தெரியும். பி.எச். என்று சீட்டில் ஓர் எண் போட்டுத் தருவார்கள். 7 என்றால் நடுநிலை. அதற்கு மேலே போனால் காரம், கீழே வந்தால் அமிலம், அதாவது புளிப்பு. நீலகிரியிலும் குமரி மாவட்டத்திலும் நிலம் புளித்துவிட்டால் சுண்ணாம்பு இட்டுத் திருத்துவார்கள். நம் பக்கம் களர் நிலம் என்றால் ஜிப்சம் இடுகிறோம்.

மண்ணுக்கு உள்ளதைப் போலவே கடலுக்கும் ஒரு பி.எச். உண்டு. ஆலைகள் பெருகுவதற்கு முன்னால் உலகக் கடல்களின் மேல்மட்டத் தண்ணீர் சராசரியாக 8.2 என்ற அளவில் இருந்தது. இப்போது 8.1க்கு வந்திருக்கிறது. "இவ்வளவுதானா? ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்குதானே!" என்று தோன்றும். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. பி.எச். கணக்கில் ஒரு முழு எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கணக்குப்படி பார்த்தால் 8.2ல் இருந்து 8.1க்கு இறங்கியது ஏறக்குறைய 30 சதவீத ஏற்றம். கடல் இன்னும் காரமாகத்தான் இருக்கிறது, புளியங்கரைசலாக மாறிவிடவில்லை. ஆனால் புளிப்பின் பக்கம் நகர்ந்துகொண்டே போகிறது. இப்படித் திசைமாறிப் போவதைத்தான் கடல் அமிலமாதல் என்கிறார்கள்.

காரணம் என்ன? கரியமில வாயு. கோலி சோடாவுக்குள் அடைத்து வைக்கிறார்களே, அதே வாயுதான். அந்த வாயு தண்ணீரில் கரைந்தால் ஒரு மெல்லிய அமிலம் உண்டாகிறது. சோடா குடிக்கும்போது நாக்கில் சுரீர் என்கிறதே, அதற்கு அந்த அமிலமும் ஒரு காரணம். நிலக்கரியும் டீசலும் பெட்ரோலும் எரிகிறபோது இந்த வாயு வெளியே வருகிறது. ஆலைகள் தோன்றுவதற்கு முன்னால் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த இந்த வாயு, இன்றைக்கு 420 பங்கையும் தாண்டிவிட்டது. மனிதர்கள் வெளியேற்றுகிற கரியமில வாயுவில் சுமார் கால் பங்கைக் கடல்தான் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அப்படி இழுத்துக்கொண்டதால் காற்றின் சூடு கொஞ்சம் மட்டுப்பட்டது. அதற்குக் கடல் கொடுக்கிற விலைதான் இந்தப் புளிப்பு.

ஓடு கட்டுகிற உயிர்களுக்கு என்ன கஷ்டம்?

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு கோழிமுட்டை ஓட்டை எலுமிச்சைச் சாற்றில் போட்டு வையுங்கள். நுரை கிளம்பும், ஓடு கரையத் தொடங்கும். முட்டை ஓடும் சுண்ணாம்பு, கிளிஞ்சலும் சுண்ணாம்பு. வெற்றிலைக்கும் வெள்ளையடிக்கவும் கிளிஞ்சல் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? பழவேற்காடு போன்ற உப்பங்கழிகளில் அள்ளிய கிளிஞ்சலைச் சுட்டுத்தானே எடுத்தார்கள்?

ஆளி, மட்டி, சிப்பி இவையெல்லாம் கடல் தண்ணீரில் கரைந்திருக்கிற சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தங்கள் ஓட்டைக் கட்டிக்கொள்கின்றன. தண்ணீரில் அமிலம் ஏற ஏற, ஓடு கட்டத் தேவையான கார்பனேட் என்ற சத்தை அந்த அமிலம் பிடித்து வைத்துக்கொள்கிறது. கடலில் எலுமிச்சைச் சாறு போல ஓடு கரைந்து ஓடாது. ஆனால் வீடு கட்டுகிறவனுக்குச் செங்கல் தட்டுப்பாடு வந்ததுபோல ஆகிவிடும். பெரிய ஆளி எப்படியோ சமாளித்துக்கொள்ளும். பொரித்து ஓரிரு நாளே ஆன குஞ்சு என்ன செய்யும்? அதன் முழுச் சக்தியும் ஓடு கட்டுவதிலேயே செலவாகி, இரை தேடத் தெம்பில்லாமல் செத்துப்போகிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஆரகன், வாஷிங்டன் மாநிலங்களில் ஆளிக் குஞ்சு பொரிக்கும் பண்ணைகள் இருக்கின்றன. நமக்கு நாற்றங்கால் எப்படியோ, அவர்களுக்கு அந்தப் பண்ணைகள் அப்படி. 2007ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே குஞ்சுகள் கோடிக்கணக்கில் செத்தன. முதலில் ஏதோ நோய் என்று நினைத்தார்கள். பிறகு தண்ணீரை அளந்து பார்த்தபோதுதான், ஆழ்கடலில் இருந்து மேலே வந்த அமிலத் தண்ணீர்தான் காரணம் என்று தெரிந்தது. அதன்பின் என்ன செய்தார்கள்? தண்ணீரை நாள்தோறும் அளந்தார்கள். கெட்ட தண்ணீர் வரும் நேரத்தில் தொட்டிக்கு ஏற்றவில்லை. தேவைப்பட்டால் சோடா உப்பு கலந்து, நாம் நிலத்துக்குச் சுண்ணாம்பு இடுவதுபோல, பதப்படுத்திக்கொண்டார்கள். வாஷிங்டன் மாநில அரசும் 2012ல் இதற்கென்றே ஒரு குழு அமைத்து, செய்ய வேண்டியதை எழுதி வாங்கியது. இந்தக் கதையில் நாம் மனதில் வைக்க வேண்டியது ஒன்று. அளந்து பார்த்த பிறகுதான் வழி பிறந்தது.

எண்ணூரில் நடப்பது என்ன?

எண்ணூர்க் கழிமுகம் ஒரு காலத்தில் இறாலுக்கும் நண்டுக்கும் ஆளிக்கும் பேர் போன இடம். நம் உப்பங்கழிகளில் வளரும் ஆளிக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கிற பெயரிலேயே மதராஸ் இருக்கிறது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று வரிசையாகக் குப்பங்கள். வலை போடுகிறவர்கள் உண்டு. படகும் வலையும் இல்லாமல், இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் குடும்பங்களும் உண்டு.

இந்தக் கழிமுகத்தின் கரையில் 1970ல் எண்ணூர் அனல்மின் நிலையம் வந்தது. 450 மெகாவாட் திறனுள்ள அந்த நிலையம் 2017ல் மூடப்பட்டது. 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது, பிறகு அது பெரிதானது. வல்லூரில் 1500 மெகாவாட் நிலையம் எழும்பியது. நிலக்கரி இறக்குவதற்காகத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் 2001ல் திறக்கப்பட்டு, 2014ல் காமராஜர் துறைமுகம் என்று பெயர் பெற்றது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். தெற்கே மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும்.

இவற்றால் கழிமுகத்துக்கு என்னென்ன வந்து சேருகிறது என்று கணக்குப் பார்ப்போம்.

முதலாவது புகை. நம் நாட்டு நிலக்கரி ஒரு கிலோ எரிந்தால் ஒரு கிலோவுக்கு மேலேயே கரியமில வாயு வெளியாகும். அது உலகக் காற்றோடு கலந்து எல்லாக் கடலுக்கும் போகிறது. அதோடு கந்தக வாயுவும் வெளியாகிறது. அது ஈரக் காற்றோடு சேர்ந்து கந்தக அமிலமாகி, கீழே இறங்குகிறது.

இரண்டாவது சாம்பல். நம் நிலக்கரியில் 100 கிலோவுக்கு 30 முதல் 40 கிலோ வரை சாம்பல்தான். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடைந்தால் எல்லாம் ஆற்றில்தான். ஆற்றின் அடிமண்ணை மூடி, ஆழத்தைக் குறைத்து, இறால் தங்கும் சேற்றைச் சிமெண்டுத் தரை போலாக்கிவிடுகிறது.

மூன்றாவது சுடுநீர். நீராவியைக் குளிர்விக்க எடுத்த தண்ணீர் சூடாகத் திரும்பி வருகிறது. சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு.

நான்காவது எண்ணெய். 2017 ஜனவரி 28ஆம் தேதி துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. எர்ணாவூர், திருவொற்றியூர்க் கரைகளில் வாளியைக் கொண்டு அள்ளியதை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்குள் பாய்ந்தது. வலையும் படகும் கறுத்துப்போயின.

ஐந்தாவது அம்மோனியா. அதே 2023 டிசம்பர் 26 இரவு, பெரியகுப்பத்தில் உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயில் இருந்து அம்மோனியா கசிந்தது. தூக்கத்தில் இருந்த ஜனங்கள் மூச்சுத் திணறி வெளியே ஓடினார்கள். 50 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அம்மோனியா அமிலம் இல்லை, காரம். ஆனாலும் மீனுக்கு அது கடும் விஷம். தண்ணீரில் தங்கிய அம்மோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அம்மோனியம் சல்பேட்டையே ஆண்டுக்கணக்கில் இட்டால் நிலம் புளித்துப்போகும் என்று சொல்கிறோமே, அதே கதைதான்.

இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எண்ணூரில் இறால் குறைந்ததற்குக் கடல் புளித்ததுதான் முழுக் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாம்பல், சுடுநீர், எண்ணெய், மண்கொட்டி மேடாக்கியது ஆகியவைதான் கண்ணுக்குத் தெரியும் பெரிய காரணங்கள். புளிப்பு என்பது இவற்றின் மேல் ஏறுகிற இன்னொரு பாரம். ஏற்கெனவே பூச்சி அடித்த பயிருக்குத் தண்ணீரும் தட்டுப்பட்டால் எப்படியோ அப்படி. பட்ட காலிலே படும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் உலக அளவில் பார்ப்போம். 2015ல் ஐக்கிய நாடுகள் சபை வகுத்த வளர்ச்சி இலக்குகளில் 14ஆவது இலக்கு கடலுக்கு உரியது. அதன் மூன்றாம் பிரிவு, கடல் அமிலமாவதன் பாதிப்பைக் குறைக்க வேண்டும் என்று பெயர் சொல்லியே கேட்கிறது. நம் நாடும் அதில் சேர்ந்திருக்கிறது. 2070க்குள் கரியமில வாயுக் கணக்கை நிகர பூஜ்யமாக்குவோம் என்று 2021ல் இந்தியா அறிவித்தது. அதே ஆண்டு 4,077 கோடி ரூபாயில் ஆழ்கடல் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது. கடலில் வரும் பருவமாற்றத்தைக் கணித்துச் சொல்வதும் அதில் ஒரு பகுதி. கரையோரத் தண்ணீரின் தரத்தை ஆராயத் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் சென்னையிலேயே, பள்ளிக்கரணையில் இருக்கிறது.

ஆனால் கடல் அமிலமாதலுக்கு என்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. புகைக்கு ஒரு விதி, கரைக்கு ஒரு விதி, சாம்பலுக்கு ஒரு விதி, மீனவர் நிவாரணத்துக்கு வேறு ஓர் இலாகா. ஒரே வயலுக்கு நாலு பேர் மடை திறக்கிற மாதிரி.

புகை விதியைப் பாருங்கள். அனல்மின் நிலையங்கள் கந்தக வாயுவைக் குறைக்க வேண்டும் என்று 2015 டிசம்பரில் மத்திய அரசு உத்தரவு போட்டது. அதற்கு ஒரு சாதனம் உண்டு. சுண்ணாம்புக்கல் கரைசலைப் புகையின்மேல் தெளித்தால் கந்தகத்தை அது பிடித்துக்கொண்டு ஜிப்சமாக மாறும். ஆம், நாம் நிலக்கடலைக்கும் களர் நிலத்துக்கும் இடுகிற அதே ஜிப்சம்தான்! நல்ல ஏற்பாடு. ஆனால் கெடு தள்ளித் தள்ளிப் போடப்பட்டது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு இந்தச் சாதனம் தேவையில்லை என்று விலக்கே அளித்துவிட்டார்கள். பத்து லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள நகரங்களில் இருந்து 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்கள் 2027 டிசம்பருக்குள் பொருத்த வேண்டும். சென்னையை ஒட்டி இருக்கும் நிலையங்கள் இந்த விதிக்குள் எப்படி வருகின்றன, வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்கிற உரிமை அங்குள்ள ஜனங்களுக்கு உண்டு.

அடுத்தது கரை விதி. 1991 பிப்ரவரியில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. ஏற்ற நீர் தொடும் கோட்டில் இருந்து இத்தனை தூரத்துக்குள் இன்னின்னது கட்டக்கூடாது என்று வரையறுத்தது. 1996ல் ஒப்புதல் பெற்ற தமிழ்நாட்டு வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் காக்கப்பட வேண்டிய இடமாகக் காட்டப்பட்டிருந்தது. பின்னால் வந்த ஒரு வரைபடத்தில் கழிமுகத்தின் பெரும்பகுதியே காணோம் என்று 2017ல் மீனவர்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் குரல் எழுப்பினார்கள். நம் பாஷையில் சொன்னால், ஏரியைப் பட்டாவில் தரிசு என்று எழுதிவிட்டால் ஏரியின் கதி என்னவாகும், அந்த நிலைமை. அறிவிக்கை 2011லும் 2019லும் மாறியது. 2019 விதிப்படி நெருக்கமாக ஜனங்கள் வாழும் கடலோரக் கிராமங்களில், கட்டக்கூடாத தூரம் 200 மீட்டரில் இருந்து 50 மீட்டராகக் குறைந்திருக்கிறது. இதனால் குப்பத்துக்காரர்கள் வீடு கட்டிக்கொள்ள வழி பிறந்தது உண்மை. அதே தளர்வு வசதி படைத்தவர்களுக்கும் கதவைத் திறந்துவிடும் என்பதும் உண்மை.

சாம்பல் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி உண்டு. காட்டுக்குப்பத்து மீனவர் ஒருவர் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். கொசஸ்தலையில் சாம்பல் சேர்ந்ததற்கு மின்வாரியமே பொறுப்பு என்று 2022 ஜூலையில் தீர்ப்பு வந்தது. ஒரு சாதாரண மீனவர் ஒரு பெரிய வாரியத்தைப் பதில் சொல்ல வைத்தார் என்பதை மறந்துவிடாதீர்கள்.

நிவாரணத்தில் இருக்கும் ஓட்டை

2023 எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு நிவாரணம் கொடுத்தது. 2,301 மீனவர் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாய். பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். அம்மோனியாக் கசிவுக்கு அந்த உர ஆலை 5 கோடியே 92 லட்சம் ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று நிபுணர் குழு பரிந்துரைத்தது.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த கேட்டுக்கு. எண்ணெய் கறுப்பாகத் தெரிந்தது, படம் பிடித்தார்கள், பணம் வந்தது. ஆனால் பத்து வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறால் குறைந்தால் அதற்கு யார் நிவாரணம் தருவார்கள்?

நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. புயலில் நெல் சாய்ந்தால் கணக்கெடுக்கத் தாசில்தார் வருகிறார், இன்ஷூரன்ஸ் உண்டு. ஆனால் கிணற்றில் வருஷத்துக்கு வருஷம் உப்பு ஏறி, பதினைந்து வருஷத்தில் நிலம் பாழானால், அதற்கு எந்தப் படிவமும் கிடையாது. மீஞ்சூர்ப் பக்கம் அப்படி நிலத்தை விட்டுவிட்டு ஆலை வேலைக்குப் போன குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள். மெல்லக் கொல்கிற கேட்டுக்குச் சாட்சி இல்லை. சாட்சி வேண்டுமென்றால் அளவு வேண்டும், தேதி போட்ட அளவு.

2015 முதல் நம் வயலுக்கு மண்வள அட்டை கொடுக்கிறார்கள். அதில் பி.எச். உண்டு, உப்பின் அளவு உண்டு, சத்துக்களின் அளவு உண்டு. அதே மாதிரி ஒவ்வொரு கழிமுகத்துக்கும் ஒரு நீர் அட்டை வேண்டும் என்பது என் கருத்து. மாதா மாதம் ஒரே இடத்தில் தண்ணீரின் பி.எச்., சூடு, பிராணவாயு, உப்பு இவற்றை அளந்து, தமிழில் எழுதிக் குப்பத்துப் பொது இடத்தில் ஒட்ட வேண்டும். ஆராய்ச்சி மையம் பக்கத்திலேயே இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறது. 2023 மார்ச்சில் தமிழ்நாடு அரசு ஐந்தாண்டுகளில் 2,000 கோடி ரூபாயில் நெய்தல் மீட்சி இயக்கம் என்று அறிவித்தது. இந்தப் பணத்தில் சதுப்புமரக் கன்று நடுவதோடு அளக்கிற வேலையையும் சேர்த்துக்கொண்டால் செலவு ஒன்றும் மலையேறிவிடாது. படகுக்கும் பட்டியலுக்கும் வெளியே நிற்கிற கைத்தடவல்காரர்கள், தலைச்சுமையாக மீன் விற்கிற பெண்கள், இவர்களுக்கும் நாளைக்கு அந்த அட்டை ஒரு சாட்சியாக நிற்கும்.

நம் பக்கத்து வேலை

அடுத்தவரைக் கேட்பதற்கு முன் நம் கையில் இருப்பதைப் பார்ப்போம். வயலில் இருந்து ஓடுகிற தழைச்சத்து கழிமுகத்தில் பாசியை வளர்க்கிறது. பாசி செத்து அழுகும்போது பிராணவாயுவைத் தின்று கரியமில வாயுவை விடுகிறது. அதனால் அந்த இடத்துத் தண்ணீர் இன்னும் புளிக்கிறது. ஆகவே,

யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் மூன்று நான்கு தடவையாகப் பிரித்து இடுங்கள். இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, பயிர் கேட்கும்போது கொடுத்தால் போதும். மழை வரும் என்று வானொலியில் சொன்ன நாளில் மேலுரம் இட வேண்டாம். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால் யூரியா மூட்டையும் குறையும், மண்ணும் தேறும். வரப்பை உயர்த்திக் கட்டி, மேலுரம் இட்ட பின் சில நாள் தண்ணீர் வெளியேறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்கிய உரம் கடலுக்குப் போவது நமக்கும் நஷ்டம்தானே?

இரண்டாவது, நிலத்தடி நீரை மட்டோடு எடுப்பது. கரையோரத்தில் அளவுக்கு மேல் இறைத்தால் கடல்நீர் உள்ளே வருவதைத் தடுக்க முடியாது. ஏரி, குளத்தைத் தூர்வாரி மழைநீரைத் தேக்கினால்தான் உப்பைப் பின்னுக்குத் தள்ள முடியும்.

மூன்றாவது, கூட்டத்துக்குப் போவது. பெரிய ஆலையோ மின்நிலையமோ துறைமுகமோ வரும்போது, 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னால் அறிவிக்க வேண்டும். திட்டச் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். கலெக்டரோ அவர் நியமிக்கும் அதிகாரியோ தலைமை வகிப்பார். எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கத்துக்கு 2024 டிசம்பரில் எர்ணாவூரில் அப்படி ஒரு கூட்டம் நடந்தபோது ஜனங்கள் திரண்டு வந்து எதிர்ப்பைச் சொன்னார்கள். நீங்களும் போகலாம். வாயால் சொல்வதை எழுத்தாலும் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "இந்தத் திட்டத்தால் தண்ணீரின் பி.எச். எவ்வளவு மாறும், யார் அளப்பார்கள், அளவை எங்கே பார்க்கலாம்?" என்று இந்த மூன்று கேள்வியை மட்டும் கேட்டால்கூடப் போதும்.

நான்காவது, கிராம சபை. உங்கள் ஊராட்சி ஆற்றங்கரையிலோ கரையோரத்திலோ இருந்தால், நீரை அளந்து அறிவிக்க வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். எண்ணூர், திருவொற்றியூர் 2011ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டதால் அங்கே கிராம சபை கிடையாது. அவர்கள் சார்பில் ஆற்றின் மேல்பக்கத்தில் இருக்கும் நீங்கள் பேசினால் தப்பில்லை. ஆறு ஒன்றுதானே!

ஐந்தாவது, பசுமைத் தீர்ப்பாயம். 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. தென்னக அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. பாதிப்பு நேர்ந்தால் இழப்பீடு கேட்டு ஐந்து வருஷத்துக்குள் மனுப் போடலாம். மற்ற தகராறுகளுக்கு ஆறு மாதக் கெடு. கெடுவைத் தவறவிட்டால் நியாயம் இருந்தும் பயன் இல்லை.

இப்படியெல்லாம் செய்தால் உலகக் கடல் உடனே சரியாகிவிடுமா என்று கேட்டால், ஆகாது. உலகம் முழுக்க நிலக்கரி எரிவது குறைந்தால்தான் அந்தப் புளிப்பு நிற்கும், அதற்குப் பல காலம் பிடிக்கும். மின்சாரம் நமக்கும் வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சாம்பல் ஆற்றில் விழாமல் இருக்கவும், சுடுநீர் ஆறிய பிறகே வெளியேறவும், கந்தகம் புகையிலேயே பிடிபடவும், உரம் வயலிலேயே தங்கவும் வழி இருக்கிறது. இவ்வளவும் நடந்தால், கடல் கொஞ்சம் புளித்தாலும் கழிமுகம் தாங்கிக்கொள்ளும். நோஞ்சான் பயிரைவிடத் தெம்புள்ள பயிர் வறட்சியைத் தாங்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

அடுத்த தடவை மண்மாதிரி எடுத்துக்கொண்டு பரிசோதனை நிலையத்துக்குப் போகும்போது, உங்கள் ஊர் வாய்க்கால் தண்ணீரையும் ஒரு சுத்தமான பாட்டிலில் எடுத்துப் போய் அளந்து தரச் சொல்லுங்கள். தேதி போட்டுக் குறித்து வையுங்கள். வருஷா வருஷம் அப்படிக் குறித்து வந்தால், நாளைக்கு உங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சீட்டு உதவும்.